நீளம் தாண்டிய நங்கை

திண்டுக்கல் மலைக்கோட்டையைக் கண்டு வளர்ந்த எனக்கு, தாண்டுதல் என்றால் உயர எழுதலே என்ற எண்ணம் இளமையில் இருந்தது. நீளத்தாண்டலில் ஓட்டத்தின் வேகமே முதல் என்பதைப் பின்னரே அறிந்தேன். அவ்வேகம் கெடலாகாது என்பதால், வல்லவர் ஏறக்குறைய 20 பாகைக் கோணத்தில்தான் எழும்புவர். உதைபலகையின் அகலமோ 20 சென்டிமீட்டர்; அதன் முன்விளிம்பைக் கடந்து கால் பதிந்தால் தாண்டியது வீண்!

மாணவ நண்பர்களே, கேரளத்தில் 1977இல் பிறந்த அஞ்சு பாபி ஜார்ஜ், 2003இல் பாரிசில் 6.70 மீட்டர் தாண்டி வெண்கலம் பெற்றார். உலகத் தடகளப் போட்டிகளில் இந்தியா கண்ட முதற்பதக்கம் அதுவே. மறு ஆண்டு ஏதென்சு ஒலிம்பிக்கில் 6.83 மீட்டர் தாண்டினார். முன்னதினும் 13 சென்டிமீட்டர் மிகுதி. ஆயினும் பதக்கம் இல்லை. முன்னின்ற ஒருவர் ஊக்கமருந்துக் குற்றத்தால் நீக்கப்பட, ஆறாம் இடம் ஐந்தாயிற்று, அவ்வளவே. தமக்குப் பிறவியிலேயே ஒரே சிறுநீரகம் என்பதை அவர் 2020இல்தான் வெளியிட்டார்.