விவாகரத்துக்குப் பின்னும் வழக்கா?

குறிஞ்சாக்கேணி முஸ்லிம் தம்பதியரின் விவாகரத்தை 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டப்படி காதி நீதிமன்றமே விசாரிக்கிறது. அங்கே சட்டத்தரணிகள் தோன்ற முடியாது, செலவு குறைவு. ஆனால் பிள்ளைகளின் தாபரிப்புப் பணம் நின்றுவிட்டால் வழக்கு மறுபடி தொடங்கும். காதியார் நிலுவையை நீதவான் நீதிமன்றுக்கு எழுதி அனுப்ப, அது தண்டப்பணம் போல அறவிடப்படும். ஏனையோருக்கு 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் உண்டு. நிலுவை வைப்பவர் மறியலுக்கும் போகலாம்.

இடம்பெயர்ந்த நமக்குப் பெரிய இடைஞ்சல் முகவரிதான். அழைப்பாணை ஆளில்லாத பழைய வளவுக்குப் போய்த் திரும்பும். தவணைக்கு மேல் தவணை விழும். எனவே புதிய முகவரியை உடனே நீதிமன்றுக்கு அறிவிப்போம். விளைச்சல் பொய்த்த தகப்பன் சொல்லாமல் பணத்தை நிறுத்துவது நியாயமல்ல. தொகையைக் குறைக்கும்படி மனுச் செய்யலாம். கொடுத்த பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்கி வைப்பதும் அவசியம்.