உங்களுக்குத் தெரியுமா? ஐ.சி.யூ. மருந்துக் கணக்கு

● ஐ.சி.யூ. படுக்கை ஓரத்து சிரிஞ்ச் பம்பில் 4.5 என்று ஓடினால், மணிக்கு 4.5 மி.லி. போகிறது என்று பொருள். உள்ளே எவ்வளவு மருந்து என்று அந்த எண்ணுக்குத் தெரியாது! பிரஷர் இறங்காமல் தாங்கிப் பிடிக்கும் நார்அட்ரினலினை 50 மி.லி.யில் 4 மி.கி. கலந்திருந்தால், 60 கிலோ நோயாளிக்கு நிமிடத்துக்கு 6 மைக்ரோகிராம் போகும். 8 மி.கி. கலந்திருந்தால் அதே 4.5-இல் 12 மைக்ரோகிராம், பிரஷர் எகிறிவிடும். நைட் ஷிஃப்டுக்கு வரும் நர்ஸ் முதலில் பார்ப்பது பம்ப் எண்ணைத்தான். எனவேதான், மருந்துக்கு ஒரே செறிவு என்று வார்டு முழுக்க விதி வைக்கிறார்கள்.

● குழந்தைகள் ஐ.சி.யூ.வில் ‘ஆறு விதி’ என்று ஒன்று நெடுங்காலம் இருந்தது. எடையை 6-ஆல் பெருக்கி, அத்தனை மி.கி. டோபமினை 100 மி.லி. ஆக்கினால், மணிக்கு 1 மி.லி. ஓட்டும்போது கிலோவுக்கு நிமிடத்துக்கு 1 மைக்ரோகிராம் போகும். 5 கிலோ குழந்தைக்கு 30 மி.கி., 8 கிலோவுக்கு 48. கணக்கு சுலபம்தான். ஆனால் குழந்தைக்குக் குழந்தை செறிவு மாறும், எதையும் முன்கூட்டித் தயாரித்து வைக்க முடியாது, உயிர் ஊசலாடும் நேரத்தில் நின்றுகொண்டே கலக்க வேண்டும். அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன், 2008 முடிவதற்குள் இதைக் கைவிடச் சொன்னது. நல்ல முடிவு.

● நார்அட்ரினலின் ஆம்பியூல் பலவற்றில் இரண்டு எண்கள் இருக்கும்: பைடார்ட்ரேட் உப்பாக 2 மி.கி., அதிலுள்ள நார்அட்ரினலினாக 1 மி.கி. எந்த எண்ணை வைத்துக் கணக்கிட்டோம் என்று கேஸ் ஷீட்டில் எழுதாவிட்டால், அடுத்தவர் கையில் டோஸ் பாதியாகவோ இரட்டிப்பாகவோ ஆகிவிடும்.

● வலிப்புக்கான ஃபீனைட்டாயினை சலைனில்தான் கலக்க வேண்டும். டெக்ஸ்ட்ரோஸில் விட்டால் படிகமாகிவிடும். இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோனுக்கு நேர்மாறாக 5% டெக்ஸ்ட்ரோஸ்.

● அடர் பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலை நீர்க்காமல் ஏற்றினால் இதயமே நின்றுவிடும். பிரிட்டன் 2002-இல் அதைப் பொது வார்டு அலமாரிகளிலிருந்து எடுக்கச் சொன்னது.

● சர்க்கரைக்கு 50 மி.லி.யில் 50 யூனிட் இன்சுலின் கலப்பது பல ஐ.சி.யூ.க்களின் வழக்கம், மி.லி.க்கு ஒரு யூனிட், மனக்கணக்கே போதும். சிக்கல் குப்பியில். நம் நாட்டில் மி.லி.க்கு 40 யூனிட், 100 யூனிட் இரண்டும் புழங்குகின்றன. 40-இல் 1.25 மி.லி. எடுத்துப் பழகிய கை, 100-இலும் அதையே எடுத்தால் சிரிஞ்சில் இருப்பது 125 யூனிட்.