கண்ணாடியைக் கழற்றலாமா?

சென்ற வருடம் தைப்பொங்கலன்று எம் தமக்கையாரின் மகன் வீட்டுக்கு வந்தபோது, வாசலில் நிற்பவன் யார் என்று அறிய எமக்குச் சற்று நேரம் பிடித்தது. பத்து வயது முதல் அவன் முகத்தின் ஓர் உறுப்பாகவே இருந்துவந்த மூக்குக்கண்ணாடியை அன்று காணவில்லை. “மாமா, லேசர் செய்துவிட்டேன். வளவிலே பனையின் உச்சியில் இருக்கும் காகமும் இப்போது தெளிவாகத் தெரிகிறது” என்றான். அவன் நில அளவையாளன். மழையிலும் வெயிலிலும் கருவியின் முன்னே குனிந்து நிற்பவனுக்கு, நனைந்தும் வியர்த்தும் மங்கும் கண்ணாடி எத்துணை இடைஞ்சல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அவன் கண்ணாடியைக் கழற்றினான். ஆசை எம்மைப் பற்றிக்கொண்டது. பதினொரு வயதிலிருந்து முப்பத்தாறு ஆண்டுகளாக நாம் கண்ணாடி அணிகிறோம். கீரிமலைக் கேணியில் இறங்கினால் எதிரே நிற்பவர் உறவினரோ அயலவரோ என்று தெரியாது. நல்லூர்த் தேரன்று வடம் பிடித்த கூட்டத்தில் ஒருமுறை கண்ணாடியைப் பறிகொடுத்து, பிறர் கைபற்றி வீடு வந்து சேர்ந்தோம். இவ்வளவையும் சில நிமிடங்களில் ஒரு கதிர் தீர்த்துவைக்குமாயின் வேண்டாம் என்பார் யார்? ஆயினும் கண் என்பது கடையில் வாங்கிய பொருளன்று. ஆகவே முதலில் விடயத்தைக் கற்றறிந்து, பின்னர் முடிவு செய்வோம் எனத் துணிந்தோம்.

கண்ணில் நிகழ்வது என்ன?

கண்ணின் முன்புறத்தே தெளிந்த கண்ணாடிபோல் ஒரு படலம் இருக்கின்றது. இதனை விழிவெண்படலம் என்பர். ஒளியை முறித்து விழித்திரையிற் குவிக்கும் கண்ணின் மொத்த வலு ஏறத்தாழ 60 டயொப்டர். அதில் மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது இப்படலமே. எஞ்சியதை உள்ளிருக்கும் வில்லை செய்கின்றது. கண்விழியின் நீளம் ஏறத்தாழ 24 மில்லிமீற்றர். அது ஒரு மில்லிமீற்றர் நீண்டுவிட்டாலே சுமார் மூன்று டயொப்டர் அளவுக்குக் குறும்பார்வை உண்டாகும். கரும்பலகை மங்கும், கையிலுள்ள புத்தகம் தெளிவாயிருக்கும்.

லேசர் சிகிச்சை நீண்ட கண்ணைக் குறுக்குவதில்லை. படலத்தின் நடுப்பகுதியை மிக நுண்ணிதாகச் செதுக்கித் தட்டையாக்குகின்றது. ஆறு மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தில் ஒரு டயொப்டரைத் திருத்த ஏறத்தாழ 12 மைக்ரோமீற்றர் ஆழம் செதுக்க வேண்டும். ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரோமீற்றர். மாணவர்கள் இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம். எம் மருமகனின் குறை ஐந்து டயொப்டர். செதுக்க வேண்டியது 60 மைக்ரோமீற்றர். சராசரிப் படலத்தின் தடிப்பு ஏறத்தாழ 540. லேசிக் முறையில் மேலே மடல்போல் வெட்டித் திருப்பும் பகுதி சுமார் 110. இரண்டையும் கழித்தால் எஞ்சுவது 370. எஞ்சும் தடிப்பு 250 இற்குக் குறையலாகாது என்பது நெடுங்காலமாக வழங்கும் விதி. 300 ஆவது இருக்க வேண்டும் என்பாரும் உளர். இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். ஒருமுறை செதுக்கியது திரும்ப வளராது. படலம் மெலிந்தவருக்கும் குறை மிகுந்தவருக்கும் இக்கணக்கு இடங்கொடாது.

வான்கோழியிலிருந்து விழிக்கு

படலத்தின் வடிவை மாற்றிப் பார்வையைத் திருத்தலாம் என்னும் கருத்தை 1949 ஆம் ஆண்டிலேயே எழுதி வெளியிட்டவர், பின்னர் கொலம்பியாவின் பொகொட்டா நகரிற் பணிபுரிந்த ஹொசே பராக்கர் என்னும் கண் மருத்துவர். ஆனால் அதற்கேற்ற நுண்ணிய கருவி அன்று இருக்கவில்லை. அது கிடைத்த வரலாறு சுவையானது. சென்னையிற் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்திற் கற்று, அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய இரசாயன அறிஞர் ரங்கசாமி ஸ்ரீநிவாசன், 1981 ஆம் ஆண்டு நவம்பரில், நன்றி நவிலல் திருநாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டொன்றை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுசென்றார். 193 நனோமீற்றர் அலைநீளமுள்ள எக்சைமர் லேசரை அதன்மீது செலுத்தியபோது, அயலிலுள்ள தசை கருகாமல், கதிர் பட்ட இடம் மட்டும் துல்லியமாக அகன்றது. உடன் உழைத்தோர் ஜேம்ஸ் வைன், சாமுவேல் புளூம் என்னும் இருவர். இரண்டாண்டுகளுள் ஸ்டீபன் ட்ரோக்கல் என்னும் கண் மருத்துவர் இதனை விழிவெண்படலத்திற் பரீட்சித்தார். ஐக்கிய அமெரிக்கா 1995 ஆம் ஆண்டில் எக்சைமர் லேசர்க் கண்சிகிச்சைக்கு அங்கீகாரம் வழங்கியது.

வைத்தியரின் ஒரு கேள்வி

இவ்வளவும் கற்றுக்கொண்டு, கொழும்பிலுள்ள ஒரு கண் வைத்திய நிபுணரிடம் சென்றோம். அந்த அம்மையார் அவசரப்படவில்லை. படலத்தின் தடிப்பை அளந்தார். அதன் மேடுபள்ளங்களை வரைபடமாக எடுத்தார். கீழிமையிற் காகிதத் துண்டைச் செருகி ஐந்து நிமிடம் கண்ணீரின் அளவைப் பார்த்தார். துளிமருந்திட்டுப் பாவையை விரித்து விழித்திரையை ஆராய்ந்தார். முடிவில், எம் கண்கள் சிகிச்சைக்குத் தகுதியுடையன என்றார். எம் உள்ளம் துள்ளியது.

அப்பொழுது அவர் கேட்டார்: “மாஸ்டர், விடைத்தாள் திருத்தும்போது கண்ணாடியை என்ன செய்வீர்கள்?”

கழற்றி மேசைமீது வைத்துவிடுவது வழக்கம் என்றோம்.

“சிகிச்சைக்குப் பின் எதைக் கழற்றுவீர்கள்?”

நாம் வாயடைத்துப் போனோம். இத்தனை நூல்களைப் புரட்டிய எமக்கு எம் மேசையிற் கிடக்கும் கண்ணாடி கண்ணிற் படவில்லை!

நாற்பதைக் கடந்தபின் கண்ணுள்ளிருக்கும் வில்லை இறுகி, அண்மையிலுள்ளதைக் குவிக்கும் ஆற்றலை மெல்ல இழக்கும். இதுவே முன்னோர் வெள்ளெழுத்து என்றும் சாளேசரம் என்றும் வழங்கியது. லேசர் இதனைத் தடுப்பதில்லை. எம் குறை மூன்று டயொப்டர். அவ்வளவு குறும்பார்வை உடையவருக்கு வெறுங்கண்ணில் 33 சென்ரிமீற்றர் தூரம் தெளிவாகத் தெரியும்; அது புத்தகம் பிடிக்கும் தூரமன்றோ? எம் வயதொத்த நண்பர்கள் வாசிப்புக் கண்ணாடியைத் தேடி அலையும்போது நாம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பொடியெழுத்தும் வாசிக்கிறோம். சிகிச்சை செய்தால் தூரத்துக்கு அணிந்த கண்ணாடி போய்விடும். வாசிப்புக்கு ஒரு கண்ணாடி வந்துசேரும். நாளில் எட்டு மணிநேரம் எழுத்தோடு வாழும் ஓர் ஆசிரியனுக்கு இது இலாபமா?

இதற்கும் ஒரு வழி உண்டென்றார் அம்மையார். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதை அண்மைக்கும் விட்டுவைப்பது அவ்வழி. தொடுகை வில்லை கொண்டு அதனை ஒரு வாரம் பரீட்சிக்கும்படி தந்தார். பகலிற் குறையில்லை. இரவிற் சைக்கிளில் வரும்போதோ எதிரே வரும் வாகனம் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்பதை மட்டிட முடியாமல் தடுமாறினோம். பலருக்கு இம்முறை பழகிவிடும்; எமக்குப் பழகவில்லை. சிகிச்சை வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

இளையோர் அறிய வேண்டியவை

எம் முடிவைக் கொண்டு லேசர் தீதென்று எவரும் எண்ணற்க. மருமகனுக்கு அகவை இருபத்தேழு. இரண்டாண்டுகளாகக் குறை மாறவில்லை, படலம் போதிய தடிப்புள்ளது, தொழிலோ வெளியிலே. அவனுக்கு அது தக்க முடிவு. ஆயினும் அவனும் சிகிச்சைக்குப் பின் ஆறு மாதம்வரை கண்ணீர்த் துளிமருந்தைச் சட்டைப்பையில் வைத்துத் திரிந்தான். படலத்தின் நுண்ணரம்புகள் அறுபடுவதால் கண் வறட்சி உண்டாதல் இயல்பு. பெரும்பாலோருக்கு நாளடைவில் தணியும், சிலருக்கு நிலைத்துவிடும். இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டமும் தோன்றலாம்.

ஐக்கிய அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் ஈடுபட்ட ஆய்வொன்றின் பெறுபேறுகள் 2017 ஆம் ஆண்டில் வெளியாயின. முன்னர் இத்தகைய பார்வைத் தொல்லை இல்லாதிருந்தவர்களுள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர், லேசிக் செய்து மூன்று மாதமானபோது ஏதேனும் ஒரு புதிய தொல்லையைக் கூறினர். அன்றாட அலுவல் பெரிதும் இடர்ப்பட்டோரோ நூற்றுக்கு ஒருவரிலும் குறைவு. பெரும்பாலோர் மனநிறைவே தெரிவித்தனர். அஞ்சி ஓடவும் கூடாது. ஆபத்தே இல்லை என்று மயங்கவும் கூடாது என்பதே இக்கணக்குக் கற்பிப்பது.

பதினெட்டு வயது நிரம்பாதோரும், ஓராண்டுக்குள் அரை டயொப்டருக்கு மேல் குறை மாறியோரும், கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும் பொறுத்திருத்தல் வேண்டும். படலம் கூம்புபோற் புடைக்கும் நோயுடையோர் லேசிக்கை நாடவே கூடாது. தொடுகை வில்லை அணிவோர் அளவெடுக்குமுன் வைத்தியர் குறிக்கும் காலம்வரை அதனைத் தவிர்க்க வேண்டும். அது படலத்தின் வடிவை மாற்றிப் பொய்யளவு தந்துவிடும். சிகிச்சைக்கு முன் எடுத்த அளவுத்தாள்களைப் பேணி வைத்தல் அவசியம். முதுமையிற் கண்புரை அகற்றிச் செயற்கை வில்லை பொருத்தும்போது அவை உதவும். கண்ணாடி போனாலும் நீண்ட கண் நீண்டபடியே இருக்கும் என்பதை மறத்தலாகாது. திடீரென மின்னல் போன்ற ஒளியோ, கரும்புள்ளிக் கூட்டமோ, திரை விழுந்தாற்போன்ற நிழலோ தோன்றினால் அன்றே வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். எம் மகளுக்கு வயது பத்தொன்பது. “கல்யாணப் பேச்சு வருமுன் பிள்ளையின் கண்ணாடியை எடுத்துவிடுங்கள்” என்று உறவினர் ஒருவர் அறிவுரை கூறினார். அவளது குறை ஓராண்டில் இரண்டரையிலிருந்து மூன்றேகாலாக ஏறியிருக்கின்றது. இப்போது செதுக்கினால் மறுபடியும் கண்ணாடி வரும். அதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. கண்புரை மறைத்த எம் தாயாரின் கண்ணுக்குச் சத்திரசிகிச்சை ஒரு தேவை. லேசரோ ஒரு விருப்பம். அவ்விருப்பம் கண்ணுடையவருக்கு உரியதேயன்றிக் காண வருபவர்க்கு உரியதன்று. குறை நிலைபெற்றபின் மகளே விரும்பினால், நாமே அவளைக் கொழும்புக்கு அழைத்துச் செல்வோம்.

சென்ற ஆவணியில் நல்லூர்த் தேருக்குப் போனோம். கண்ணாடியை நூலிற் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தோம். இம்முறை அது தொலையவில்லை. மருமகன் வெறுங்கண்ணோடு முன்னே சென்று எமக்கு வழி விலக்கினான். அன்றிரவு ஒரு கட்டு விடைத்தாள் காத்திருந்தது. கண்ணாடியைக் கழற்றி மேசைமீது வைத்துவிட்டு வாசிக்கத் தொடங்கினோம்.