முதல் வரிசையில் இருக்கிறது ஸ்வெட்டர்

நூலுக்குப் பஞ்சமில்லாத மாவட்டம் விருதுநகர். இராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் நூற்பாலை தொடங்கினார். 1939-இல் ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸ் வந்தது. பக்கத்தில் உள்ள சத்திரப்பட்டி, பேண்டேஜ் துணிக்குப் பேர்போன ஊர். ஸ்வெட்டர் கேட்காத வெயில் என்பதால், இந்தப் பக்கம் நூல் என்றாலே தறிதான் நினைவுக்கு வரும்.

தறிக்கு முதலில் பாவு வேண்டும். நூற்றுக்கணக்கான இழைகளை நீளவாக்கில் இழுத்துக் கட்டி முடித்த பிறகே ஊடை ஓடத் தொடங்கும். துணியின் அகலமும் அப்போதே முடிவாகிவிடும். கைப்பின்னலுக்கு அவ்வளவு ஏற்பாடு கிடையாது. ஓர் இழையும் இரண்டு ஊசிகளும் போதும். ஆனால் பாவுக்கு ஈடான ஒரு வேலை அதிலும் உண்டு. முதல் வரிசைக் கண்ணிகளை ஊசியில் ஏற்ற வேண்டும். நிட்டிங் தெரிந்தவர்கள் இதை ‘காஸ்ட் ஆன்’ என்பார்கள்.

குரோஷாவுக்கும் நிட்டிங்குக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெரியும். குரோஷாவில் பெரும்பாலும் ஒரு கண்ணிதான் கொக்கியில் தங்கும்; மற்றவை உடனுக்குடன் முடிந்துவிடும். 2016 ஜனவரியில் சென்னையில் ‘மதர் இந்தியாஸ் குரோஷா குவீன்ஸ்’ குழு காட்சிக்கு வைத்துக் கின்னஸ் சாதனை படைத்த 11,148.5 சதுர மீட்டர் போர்வை அப்படிக் கொக்கியில் உருவானதுதான். நிட்டிங்கில் ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளும் ஒரே நேரத்தில் ஊசியில் திறந்தே இருக்கும். நாற்பது கண்ணி அகலம் வேண்டுமென்றால், முதலிலேயே நாற்பதையும் ஏற்றியாக வேண்டும்.

ஏற்றும் முறைகள் பல. எளியது கட்டைவிரல் முறை. நூலை விரலில் ஒரு முறுக்கு முறுக்கி வளையமாக்கி, ஊசியில் மாட்டி இழுத்தால் ஒரு கண்ணி. ஸ்ரீவில்லிபுத்தூரில் மல்லிகை கட்டுபவர், விரலில் வளையம் போட்டுக் காம்பில் மாட்டி இறுக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

அதிகம் பேர் கையாள்வது நீள்வால் முறை. நூலின் நுனியிலிருந்து போதிய நீளம் விட்டு, ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டு ஊசியில் மாட்ட வேண்டும். தொங்கும் வால் இடது கட்டைவிரலில், உருண்டையிலிருந்து வரும் நூல் ஆள்காட்டி விரலில். ஊசியைக் கட்டைவிரல் வளையத்துக்குள் கீழிருந்து நுழைத்து, ஆள்காட்டி விரல் நூலைப் பிடித்து, அதே வளையத்தின் வழியாக வெளியே இழுக்க வேண்டும். பிறகு கட்டைவிரலை உருவி நூலை மெல்ல இறுக்கினால் கண்ணி உட்கார்ந்துவிடும். வாலின் நீளத்துக்கு ஒரு கணக்கு உண்டு: பின்னப்போகும் அகலத்தைப் போல மூன்று மடங்கு, அதற்கு மேல் ஒரு சாண். குறைத்து விட்டால் முப்பத்தெட்டாவது கண்ணியில் வால் தீர்ந்து, எல்லாவற்றையும் உருவ வேண்டி வரும்.

எத்தனை கண்ணி என்பதும் குத்துமதிப்பு அல்ல. அதே நூலிலும் ஊசியிலும் ஒரு சிறு மாதிரியைப் பின்னி அளக்க வேண்டும். 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணி வந்தால், 20 சென்டிமீட்டர் மஃப்ளருக்கு 40.

புதியவர்கள் கோட்டைவிடுவது இறுக்கத்தில். பின்னலாடை நீண்டு கொடுப்பதற்குக் கண்ணிகளின் வளைவுதான் காரணம். முதல் வரிசை இறுகிவிட்டால் மேலே எவ்வளவு நெகிழ்வாகப் பின்னினாலும் பயனில்லை. குல்லா தலையில் இறங்காது, சாக்ஸ் குதிகாலைத் தாண்டாது. பருத்தி நூலில் இன்னும் கவனம் வேண்டும். கம்பளி இழையில் இயல்பாகவே சுருள் இருப்பதால் இழுத்து விட்டால் திரும்பும். பருத்தியில் அந்தச் சுருள் இல்லை. அதனால் சற்றுப் பெரிய ஊசியில் கண்ணி ஏற்றி, அடுத்த வரிசையிலிருந்து வழக்கமான ஊசிக்கு மாறுவார்கள்.

பருத்தி என்றதும் இது கம்பளிக் கலைக்கு வந்த மாற்று ஏற்பாடு என்று நினைத்துவிட வேண்டாம். இன்று கிடைக்கும் மிகப் பழைய கைப்பின்னல்களில் எகிப்தில் கண்டெடுத்த காலுறைகளும் அடங்கும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த அவற்றில் சில வெள்ளையும் அவுரி நீலமுமான பருத்தி நூலில் பின்னியவை. கால்விரல் நுனியில் சில கண்ணிகளோடு தொடங்கி மேல்நோக்கி வளர்ந்தவை.

இங்கிலாந்தில் வில்லியம் லீ 1589-இல் காலுறை பின்னும் இயந்திரத்தை உருவாக்கினார். இன்று திருப்பூரின் வட்டப்பின்னல் இயந்திரங்களில் துணி குழாய்போல இறங்கிக்கொண்டே இருக்கும். அதை வெட்டித்தான் பனியனாக்க வேண்டும் என்பதால் விளிம்பை மடித்துத் தைக்கிறார்கள். கைப்பின்னலில் கண்ணி ஏற்றிய வரிசையே விளிம்பு. மடிக்கவும் வேண்டாம், தைக்கவும் வேண்டாம்.

வளரும் பிள்ளைகளின் உடுப்புக்குத் தற்காலிக முறை ஒன்றும் இருக்கிறது. வேறு நிறக் கழிவு நூலைத் துணைக்கு வைத்து முதல் வரிசையை ஏற்றுவார்கள். பின்னி முடித்தபின் அந்த நூலை உருவினால் கண்ணிகள் திறந்தபடி கிடைக்கும். அவற்றை ஊசியில் எடுத்துக்கொண்டு, உடுப்பைக் கீழ்ப்பக்கம் வேண்டிய அளவுக்கு நீட்டலாம். சாதாரணப் பின்னலில் இணைத்த இடம் கண்ணுக்குத் தெரியாது.