மோதும் கொத்துகள்

பல நூறு விண்மீன் மண்டலங்கள் ஈர்ப்பினால் பிணைந்த பெருந்திரளைக் கொத்து என்பர். கொத்துகள் இரண்டு மோதின் யாது நிகழும்?

மண்டலங்களினிடையே பல கோடிப் பாகை வெப்பமுடைய வளி பரந்துள்ளது. அது உமிழும் எக்ஸ் கதிரை நமது காற்று மண்டலம் தடுத்துவிடும். ஆகவே தொலைநோக்கி விண்ணுக்கே செல்லவேண்டும். அவ்வாறு 1999-இல் ஏவப்பெற்றதே, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய ‘சந்திரா’.

நான் வாழும் ஏனாத்தூரை அடுத்த காஞ்சித் தறிகளை நோக்குங்கள். மிதியை மிதிக்குந்தோறும் பாவின் மேலிழைகளும் கீழிழைகளும் ஒன்றையொன்று கடந்து செல்கின்றன. இடைவெளி உண்டாதலின் மோதுவதில்லை. ‘தோட்டா’ எனப் பெயர்பெற்ற கொத்துகளின் மோதலில் மண்டலங்களும் அங்ஙனமே கடந்து சென்றன. வளியோ ஒன்றோடொன்று உராய்ந்து பின்தங்கியது. இதனைச் சந்திரா படம் பிடித்தது.

அவ்வளியின் நிறை விண்மீன்களின் நிறையினும் மிகுதி. எனவே ஈர்ப்பும் வளியுள்ள இடத்தே மிகவேண்டுமன்றோ? ஆனால், அப்பாலுள்ள மண்டலங்களின் ஒளி வளைவதைக் கொண்டு அளந்தபோது, ஈர்ப்பு விண்மீன் மண்டலங்களைச் சுற்றியே மிகுந்திருந்தது. ஒளிராப் பொருளொன்று, உராய்வின்றி, அவற்றோடு கடந்திருத்தல் வேண்டும். 2006-இல் வெளியான இம்முடிவு கரும்பொருளுக்கு வலிய சான்றாயிற்று. அப்பொருள் எதனால் ஆயது என்பதோ இன்றும் விடை காணா வினாவாகவே நிற்கிறது.