நாய் வாங்கக் காசு இருக்கு... வளர்க்க?

ஃப்ரெண்டோட ஸ்டேட்டஸ்ல ஒரு லேப்ரடார் குட்டி. 45 நாள்தான் ஆச்சு. பஞ்சு மூட்டைக்குக் கண்ணு வெச்ச மாதிரி உங்களையே பார்க்குது. 'பெங்களூர்ல பதினஞ்சாயிரம்தான் மச்சி, அத்திப்பள்ளி தாண்டினா அரை மணி நேரத்துல கையில குட்டி'ன்னு ஒரு மெசேஜ் வேற. பார்ட் டைம் வேலை பார்த்துச் சேர்த்த பணம் அக்கவுன்ட்ல இருக்கு. அம்மாவைச் சமாளிச்சுடலாம், அப்பா நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வர்றதுக்குள்ள குட்டி வீட்டுக்குள்ள வந்துடும். பிளான் ஓகே!

ஒரு நிமிஷம் பாஸ். கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு பேப்பரும் பேனாவும் எடுங்க. சின்னதா ஒரு கணக்கு போட்டுடலாம்.

முதல் கணக்கு பணமே இல்ல, வயசு. பெரிய ஜாதி நாய் சராசரியா 10, 12 வருஷம் வாழும். இப்ப உங்களுக்கு 19 வயசுன்னா, அது உங்க கூட இருக்கப்போறது நீங்க 30 தொடுற வரைக்கும். நடுவுல டிகிரி முடியும். கேம்பஸ்ல செலக்ட் ஆகிப் புனேவோ சென்னையோ போவீங்க. கல்யாணமும் நடக்கலாம். நாயை யார் பார்த்துக்குவா? பெரும்பாலான வீடுகள்ல பதில் ஒண்ணுதான்... அம்மா! அதனால அம்மாகிட்ட கேட்காம வாங்குறது சர்ப்ரைஸ் இல்லீங்க, 11 வருஷத்துக்கு அவங்க தலையில ஒரு வேலையைக் கட்டுறது.

வயிறு எவ்வளவு கேட்கும்?

கால்நடை மருத்துவர்கள் நாயோட சாப்பாட்டைக் கணக்கு போட ஒரு ஃபார்முலா வெச்சிருக்காங்க. எடையை 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70ஆல பெருக்கணும். கருத்தடை செஞ்ச, சாதாரணமா ஓடியாடுற நாய்னா அதை இன்னும் 1.6 மடங்கு ஆக்கணும். 30 கிலோ லேப்புக்குப் போட்டுப் பார்த்தா ஒரு நாளைக்குச் சுமார் 1,430 கலோரி. உலர் தீவனமா கொடுத்தா கிட்டத்தட்ட 400 கிராம். மாசத்துக்கு 12 கிலோ. கிலோ 250 ரூபாய்னு வெச்சா 3,000 ரூபாய்!

'நாங்க வீட்டுச் சாப்பாடுதான் போடுவோம், செலவே இல்ல'ன்னு சொல்றீங்களா? அதையும் பார்ப்போம். கால் கிலோ கோழி 60 ரூபாய். ரெண்டு முட்டை 14. அரிசியோ நம்ம ஊர் கேழ்வரகோ 300 கிராம் 15. தயிர், காய், கேஸ் எல்லாம் சேர்த்து 10. ஒரு நாளைக்கு 99 ரூபாய். மாசத்துக்கு? அதே 3,000! களியும் மோரும் மட்டும் ஊத்தி வளர்த்தா செலவு குறையும்தான். ஆனா வளர்ற குட்டிக்குப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் சரியான அளவுல வேணும். எலும்பு கோணிப் போனா, மிச்சம் பிடிச்ச காசு டாக்டர்கிட்ட போயிடும். அதனால வீட்டுச் சாப்பாடுன்னு முடிவு பண்ணா, என்ன அளவுன்னு டாக்டர்கிட்ட ஒரு தடவை எழுதி வாங்கிடுங்க.

எடை ஏறினா பில் ஏறும்!

இங்கதான் பல பேர் ஏமாறுறாங்க. 10 கிலோ நாயைவிட 30 கிலோ நாய் மூணு மடங்கு சாப்பிடாது, ரெண்டே கால் மடங்குதான். ஆனா மருந்து அப்படி இல்ல. பூச்சி மாத்திரை பெரும்பாலும் 10 கிலோவுக்கு ஒண்ணுன்னு கணக்கு. 30 கிலோவுக்கு மூணு! உண்ணி மாத்திரை, ஆன்டிபயாடிக், மயக்க மருந்து எல்லாமே எடை பார்த்துத்தான். ரேபிஸ் தடுப்பூசி இதுக்கு விதிவிலக்கு. பொமரேனியனுக்கும் கிரேட் டேனுக்கும் ஒரே டோஸ். அதுல பெரிய நாய் வெச்சிருக்கிறவங்களுக்கு லாபம்!

தடுப்பூசியைத் தள்ளிப் போடவே கூடாது. ஆறு, எட்டு வாரத்துல பார்வோ, டிஸ்டெம்பர் கூட்டு ஊசி ஆரம்பிக்கணும். மூணு மாசத்துல ரேபிஸ். அப்புறம் பூஸ்டர், வருஷா வருஷம் டாக்டர் சொல்ற மாதிரி. பார்வோ வந்த குட்டிக்கு நாலஞ்சு நாள் டிரிப்ஸ் ஏத்துற செலவுல, பல வருஷத்துக்கு ஊசி போட்டுடலாம்.

மாங்கொட்டை ஆபத்து!

கிருஷ்ணகிரின்னா மாம்பழம். மே, ஜூன்ல எந்த வீட்டுக் குப்பைக் கூடையைத் திறந்தாலும் மாங்கொட்டை இருக்கும். லேப்புக்கு அது கிடைச்சா சில சமயம் அப்படியே முழுங்கிடும். குடல்ல சிக்கினா வாந்தி, சாப்பாடு இறங்காது, ஆபரேஷன் வரைக்கும் போகும். ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன் மாதிரி ஆழமான மார்பு உள்ள நாய்களுக்கு வயித்துல காத்து அடைச்சு இரைப்பையே முறுக்கிக்கிற ஆபத்தும் உண்டு. சில மணி நேரத்துல உயிர் போயிடும். ராத்திரி 11 மணிக்கு இது நடந்தா என்ன பண்ணுவீங்க? 30 கிலோ நாயைத் தூக்கிட்டு பஸ் ஏற முடியாது. பெங்களூருக்குக் கார் வாடகை, ஸ்கேன், ஆபரேஷன்னு பல ஆயிரம் ஒரே ராத்திரியில கரையும். அதனால மாசம் 1,000 ரூபாய் 'எமர்ஜென்சி'ன்னு தனி அக்கவுன்ட்ல போடுங்க. அதுல கை வைக்கவே கூடாது!

இப்ப கூட்டுவோமா?

சாப்பாடு 3,000. உண்ணி, தெள்ளுப்பூச்சி மருந்து 600. ஊசி, பூச்சி மாத்திரை வருஷத்துக்கு 2,800னு வெச்சா மாசத்துக்கு 230. ஷாம்பு, கயிறு, கிண்ணம், கிழிச்சுப் போட்ட பெட்ஷீட் 300. எமர்ஜென்சி 1,000. மொத்தம் 5,130 ரூபாய். இது உதாரணக் கணக்குதான், உங்க ஏரியா விலையைப் போட்டு மாத்திக்கோங்க. வருஷத்துக்கு 61,560. பதினோரு வருஷத்துக்கு, இன்னைக்கு விலையிலேயே, ஆறே முக்கால் லட்சம்! அந்த 'பதினஞ்சாயிரம்தான் மச்சி'ங்கிறது வெறும் மூணு மாசச் செலவு.

குடும்பத்தோட பொங்கலுக்கு ஊருக்குப் போனா போர்டிங் செலவு தனி. வாடகை வீடுன்னா, ஹவுஸ் ஓனர் சம்மதம் அதுக்கும் முன்னாடி.

செலவைக் குறைக்க வழி இருக்கு!

அரசு கால்நடை மருத்துவமனையை மறந்துடாதீங்க, சாதாரண சிகிச்சைக்கு அதுவே போதும். ஜூலை 6 விலங்குவழி நோய்கள் தினம், செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினம். இந்த ரெண்டு தேதியை ஒட்டிப் பல இடங்கள்ல இலவச ரேபிஸ் ஊசி முகாம் நடக்கும். பெரிய ஆபரேஷன்னா நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, பெங்களூர் ஹெப்பாள் கால்நடைக் கல்லூரி ரெண்டுலயும் விசாரிங்க.

இன்னொரு வழி, நாயையே மாத்தி யோசிக்கிறது. 18 கிலோ நாட்டு நாய்க்கு அதே ஃபார்முலா போட்டா மாசச் சாப்பாடு 2,100க்குள்ள முடியும். குட்டி விலை ஜீரோ! பெரிய நாய்தான் வேணும்னா நம்ம ராஜபாளையம் இருக்கு. 2005ல தபால்தலையிலயே இடம் பிடிச்சவரு! குட்டை முடி, நம்ம வெயில் பழக்கம். ஆனா தினமும் ஓட இடம் வேணும், கட்டியே போட்டா முரடாயிடும்.

ராட்வீலர் ஆசை இருக்கிறவங்க கவனிங்க. 2024 மார்ச்ல 23 வகை நாய்களுக்குத் தடை கேட்டு மத்திய அரசு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புச்சு. ஏப்ரல்ல கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து பண்ணிடுச்சு. நீங்க இருக்கிறது எல்லைக்கு இந்தப் பக்கம், அதனால ஓசூர் மாநகராட்சியில விதிமுறையைக் கேட்டுட்டு வாங்குங்க. உங்க அஜாக்கிரதையால நாய் யாரையாவது ஆபத்துக்கு உள்ளாக்கினா, பாரதிய நியாய சன்ஹிதா 291ஆவது பிரிவுப்படி ஆறு மாசம் வரைக்கும் சிறை, 5,000 ரூபாய் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டுமே கிடைக்கலாம்.

கணக்கு போடாம வாங்கினா என்ன ஆகும்? கழுத்துல பட்டை, உடம்பெல்லாம் உண்ணி, ஹைவே ஓரத்துல போற ஒவ்வொரு காரையும் எட்டி எட்டிப் பார்க்கிற லேப்... அதுதான் ஆகும். பட்டினியில வாடுற மாதிரி நாயைக் கைவிடுறது 1960ஆம் வருஷ மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைன்னா அபராதம் 10லேர்ந்து 50 ரூபாய்! ஒரு டீ, பஜ்ஜி காசு. அதனால சட்டத்துக்குப் பயந்து யாரும் நிறுத்தப் போறதில்ல. வாங்குறதுக்கு முன்னாடி நீங்களா யோசிச்சாதான் உண்டு.

முடிவு எடுக்க முடியலையா? ஒரு டெஸ்ட் வெச்சுக்கோங்க. இன்னும் மூணு மாசத்துக்கு, இல்லாத நாய்க்குச் செலவு பண்ணுங்க. ஒண்ணாம் தேதி ஆச்சுன்னா 5,130 ரூபாயைத் தனியா எடுத்து வைங்க. காலையில ஆறு மணிக்கு எழுந்து அரை மணி நேரம் நடங்க, செமஸ்டர் எக்ஸாம் அன்னைக்கும்தான்! ரெண்டாவது மாசமே கை நடுங்கினா, நஷ்டம் எதுவும் இல்ல, காசு உங்ககிட்டயே இருக்கு. மூணு மாசமும் தாக்குப் பிடிச்சீங்கன்னா பதினஞ்சாயிரத்துக்கு மேல சேர்ந்திருக்கும். அதைக் குட்டி விலைக்குக் கொடுத்துடாதீங்க. எமர்ஜென்சி அக்கவுன்ட்ல போட்டுட்டு, அம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போய்க் குட்டியைப் பாருங்க. பேரு வைக்கிற சான்ஸை அவங்களுக்கே கொடுத்துடுங்க!