கொட்டகையில் கிடக்கும் பழைய பெட்ரோல் எஞ்சின்

கிணற்றுக்கு மின்சார மோட்டார் வந்தபின், பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடிய சிறு எஞ்சின் பல வீடுகளில் கொட்டகை மூலைக்குப் போய்விட்டது. பொழுதுபோக்காக அதை மீண்டும் ஓடவைக்க விரும்பும் உழவர்கள், எடுத்த எடுப்பில் கயிற்றைச் சுற்றி இழுக்கலாகாது. துருவேறிய பிஸ்டன் வளையம் அப்போதுதான் உடைகிறது.

முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து இரண்டு தேக்கரண்டி ஊற்றி, இரண்டு நாள் விட்டுவிட வேண்டும். பின்னர் பிளைவீலைக் கையால் முன்னும் பின்னும் அசைக்கவும். அசையாவிட்டால் மறுபடி ஊற்றிப் பொறுத்திருக்கவும். சம்மட்டி வேண்டாம், வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

பொறி வராவிட்டால் மாக்னெட்டோவே போயிற்று என்று சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் குற்றம் பாயிண்டில் படிந்த கறைதான். நைசான உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, இடைவெளியைச் சுமார் 0.4 மி.மீ. வைக்கவும், பிளக்குக்குச் சுமார் 0.6 மி.மீ.

கார்புரேட்டரில்தான் புதிய தொல்லை. 2025இல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டிவிட்டது. அந்தக் காலத்து மிதவை தக்கையால் ஆனதென்றால், அதன்மேல் பூசிய அரக்கை எத்தனால் கரைத்துவிடும். பழைய ரப்பர் குழாயும் உப்பிப்போகும். இரண்டையும் மாற்றிவிடுவதே மேல். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். ஆகவே, ஓட்டி முடித்ததும் டாங்கில் மிஞ்சியதை வடித்துவிட வேண்டும்.

டாங்க் ஓட்டையை, காலிதானே என்று வெல்டிங் வைப்பது உயிருக்கே ஆபத்து. தங்கியிருக்கும் பெட்ரோல் ஆவி வெடிக்கும். எம்-சீல் போன்ற பசையால் அடைக்கலாம், அல்லது வேறு டாங்க் மாட்டலாம்.

நாலு ஸ்ட்ரோக் எஞ்சினாயின், பழைய ஆயிலை வடித்துப் புதிது ஊற்றிய பிறகே கயிற்றில் கை வைக்கவும்.